ஒரே வயலுக்கு இரண்டு ஒத்தி

ஒத்தி என்றால் நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. வயலையோ தோப்பையோ வீட்டையோ ஒருவர் கையில் ஒப்படைத்து ஒரு தொகை வாங்கிக்கொள்வது. தொகையைத் திருப்பும்வரை அனுபவம் பணம் கொடுத்தவருக்கு, வட்டி கிடையாது. மகள் கல்யாணம், மகன் படிப்பு, வெளிநாட்டு விசா என்று இங்கே எத்தனையோ காரியங்கள் ஒத்திப் பணத்தில்தான் நடந்திருக்கின்றன.

இப்படி ஒருவருக்கு ஒத்தி வைத்த வயலை, அவர் அறியாமல் இன்னொருவருக்கும் ஒத்தி வைப்பவனை ஊர் என்ன சொல்லும்? அவனிடம் கேட்டால் ஒரு நியாயம் வைத்திருப்பான்: “கன்னிப்பூவுக்கு அவன் வயல்ல எறங்க மாட்டாம்னு நெனச்சேன் வே. சும்மா தரிசா கெடக்காண்டாமேன்னுதான் மத்தவனுக்கும் குடுத்தேன்.” அவன் இறங்கினால் என்ன, இறங்காவிட்டால் உனக்கென்ன, பணத்தை எண்ணி வாங்கியாயிற்று அல்லவா என்று திருப்பிக் கேட்க சட்டப் படிப்பு வேண்டாம். டீக்கடை பெஞ்சு போதும்.

இதே காரியத்தைக் கணினி வைத்து, புள்ளியியல் படித்தவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்திச் செய்தால் அதற்குப் பெயர் வருவாய் மேலாண்மை. 180 இருக்கை உள்ள விமானத்துக்கு 185 டிக்கெட் விற்பார்கள். ஐந்து பேர் எப்படியும் வர மாட்டார்கள் என்பது கணக்கு. கணக்கு பலித்தால் யாருக்கும் தெரியாது. பிசகினால், நேரத்துக்கு வந்து, கையில் உறுதி செய்யப்பட்ட டிக்கெட்டோடு நிற்கும் ஒருவனை “கொஞ்சம் மாறி நில்லுங்க” என்பார்கள். ஓவர்புக்கிங் என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் சொன்னால் ஒன்றை இரண்டு பேருக்கு விற்பது.

இந்த வழக்கம் பிறந்த காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு விமான டிக்கெட் வாங்கியவர் வரவில்லையென்றால் நஷ்டம் நிறுவனத்துக்கு. அவர் அதே டிக்கெட்டைக் கொண்டு மறுநாள் போகலாம், பணத்தைத் திரும்ப வாங்கலாம். காலி இருக்கையைச் சுமந்து பறந்தது விமானம். சரி, நான்கு டிக்கெட் கூடுதலாக விற்றார்கள்.

இன்றைக்கு? மலிவு விலை டிக்கெட் வாங்கிவிட்டு வராமல் இருந்து பாருங்கள். சட்டப்படி திரும்பத் தரவேண்டிய வரி, விமான நிலையக் கட்டணம் இவற்றைத் தவிர வேறொன்றும் கைக்கு வராது. அந்தச் சில்லறையையும் நாமாகக் கேட்டு, விண்ணப்பித்து வாங்க வேண்டும். இரண்டு நாள் முன்னதாக ரத்துசெய்தாலும் ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆக, வராதவனின் இருக்கை காலி இருக்கை அல்ல. அவன் காசு கொடுத்து வாங்கி, உட்காராமல் விட்ட இருக்கை. அதற்கு ஏற்கெனவே விலை வசூலாகிவிட்டது. அதை மறுபடியும் விற்பது நஷ்டத்தை ஈடுசெய்வது ஆகாது. ஒரே பொருளுக்கு இரண்டு விலை வாங்குவதுதான். ஓவர்புக்கிங்கை ஆதரித்துப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் எப்போதும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அதனால்தான் டிக்கெட் விலை குறைவாக இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். பத்தாயிரம் பேரின் டிக்கெட்டில் பத்து ரூபாய் குறைய, ஒருவனை விமான நிலையத்தில் தூக்கி வெளியே போடுவதாக இருந்தால், அந்த ஒருவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அல்லவா செய்ய வேண்டும்?

சொல்லிவிட்டுச் செய்யும் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். இந்திய ரயில்வே. அதன்மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு. தீபாவளிக்குச் சென்னையிலிருந்து நாகர்கோயிலுக்கு வர கன்னியாகுமரி எக்ஸ்பிரஸிலோ அனந்தபுரியிலோ இடம் கிடைப்பது லாட்டரி. ஆனால் ரயில்வே பொய் சொல்வதில்லை. இடம் உண்டென்றால் உறுதி என்று எழுதும். பாதி இடம் என்றால் ஆர்ஏசி என்று எழுதும். பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் முன்பின் தெரியாத ஒருவரோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து போக வேண்டும் என்பது வாங்கும்போதே தெரியும். இடம் இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியல், எண்ணோடு. இணையத்தில் எடுத்த காத்திருப்பு டிக்கெட் கடைசிவரை ஏறாவிட்டால் தானே ரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பும். இருநூறு ரூபாய்க்குப் பயணம் செய்கிறவனிடம் ரயில்வே காட்டும் இந்த நேர்மையை, இருபதாயிரம் வாங்கும் விமான நிறுவனம் ஏன் காட்டக் கூடாது? 180 பேருக்கு உறுதி, அடுத்த ஐந்து பேருக்கு ஆர்ஏசி, விலை பாதி என்று விற்கட்டுமே. மனமிருப்பவன் வாங்குவான். அவசரமில்லாத மாணவன் வாங்குவான், பேரனைப் பார்க்கப் போகும் பாட்டா வாங்குவார். செய்ய மாட்டார்கள். 185 பேருக்கும் “உறுதி” என்ற ஒரே சொல்லை விற்றால்தான் 185 பேரிடமும் முழு விலை வாங்க முடியும்.

எங்கள் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. வளைகுடா போக வேண்டும் என்றால் திருவனந்தபுரம்தான். நாகர்கோயிலிலிருந்து எழுபது கிலோமீட்டர் போல; கேட்பவர்களுக்கு இது என்ன தூரம் என்று தோன்றும். மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று ஒவ்வொரு சந்திப்பும் நம்மை நிறுத்தி நலம் விசாரித்துத்தான் அனுப்பும். அதனால் இரவு விமானத்துக்கு மத்தியானமே சோறு தின்றுவிட்டுக் கிளம்புவது இங்கே வழக்கம். குளச்சல், முட்டம், தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து அந்நியக் கடலில் மீன்பிடிக்கப் போகிறவர்கள், தக்கலை, கருங்கல் பக்கத்திலிருந்து ஏசி மெக்கானிக்காகவும் கொத்தனாராகவும் போகிறவர்கள் என்று எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அந்த விமானங்களை நம்பித்தான் எரிகிறது. இவர்களில் யாரும் தாமதமாக விமான நிலையம் போய் நான் பார்த்ததில்லை.

என் தங்கை மகனும் தாமதமாகப் போகவில்லை. ஷார்ஜாவில் வேலை. மூட்டில் அறுவை செய்ய ஊருக்கு வந்தவன், குணமாகாமல் நாள் தள்ளிப்போய், ஆறு மாதக் கெடு முடிய மூன்று நாள் இருக்கையில் டிக்கெட் எடுத்தான். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் அந்த நாட்டு வசிப்பு விசா செல்லாது. பிறகு அபராதம், மறுநுழைவு அனுமதி என்று மன்றாட வேண்டும், முதலாளி மனமிருந்தால் காத்திருப்பார். புறப்பாட்டுக்கு மூன்றரை மணி நேரம் முன்பே கவுண்டர் வரிசையில் நின்றான். பெட்டியில் நேந்திரம்பழ வற்றலும் அவன் அம்மை இடித்துக் கொடுத்த மிளகாய்ப்பொடியும். அவன் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, “சேட்டா, ஒண்ணு மாறி நிக்கணே” என்றாள். மாறி நின்றான். ஒன்றரை மணி நேரம். பிறகு ஒருவர் வந்து விமானம் நிறைந்துவிட்டது, நாளை இரவு இடம் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்து என்று தாளை நீட்டினார்.

அந்தத் தாளைப் பிற்பாடு நான் வாசித்தேன். பயணி தாமாக விரும்பித் தன் பயணத்தை மறுநாளுக்கு மாற்றிக்கொண்டதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

மறுநாளும் இடமில்லை. மூன்றாம் நாள்தான் ஏறினான். கெடு முடியச் சில மணி நேரம் இருக்கையில் ஷார்ஜாவில் இறங்கினான். நடுவில் தம்பானூரில் லாட்ஜ் வாடகை, இரண்டு நாள் சம்பளம், வீட்டில் ஒருத்தருக்கும் உறக்கமில்லை. இழப்பீடு என்று ஒரு பைசா வரவில்லை. ஏன் வரும்? அவன்தான் “விருப்பப்பட்டு” மாற்றிக்கொண்டானே. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, மனு நடந்துகொண்டிருக்கிறது.

அவன் ஏமாந்தான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இரவு பதினோரு மணிக்கு, விசா முடிகிற வேளையில், சீருடை போட்டவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாமல் சட்டம் பேச எத்தனை பேரால் முடியும்? படித்தவர்களாலேயே முடியாது. அந்தத் தாளை அச்சடித்து வைத்திருப்பவருக்கு இது தெரியும்.

விதி என்ன சொல்கிறது? சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010 ஆகஸ்டில் இதற்கென்று ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. 2016இல் இழப்பீட்டை உயர்த்தித் திருத்தியது. இருக்கையைவிட ஆட்கள் அதிகம் வந்துவிட்டால், விட்டுக்கொடுக்க யாராவது தயாரா என்று நிறுவனம் முதலில் கேட்க வேண்டும். அதற்குப் பதிலாக ஏதாவது சலுகை தர வேண்டும். யாரும் முன்வராமல், ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக நிறுத்தினால் இழப்பீடு. முதலில் குறித்த புறப்பாட்டு நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானத்தில் ஏற்றிவிட்டால் ஒன்றுமில்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததில் 200 சதவீதம், ஆனால் 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. 24 மணி நேரம் தாண்டினால் 400 சதவீதம், உச்சவரம்பு 20,000. மாற்று விமானமே வேண்டாம் என்றால் முழுப் பணமும், அதன்மேல் 400 சதவீதமும், அதே 20,000 வரம்புக்குள்.

விருப்பத்துக்கு மாறாக என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தத் தாள் அதைத்தான் அழிக்கிறது. சலுகை எதுவும் தராமல் வாங்கிய சம்மதம் விதி சொல்லும் சம்மதமே அல்ல. திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் எத்தனையோ முறை காத்திருந்திருக்கிறேன். இருக்கையை விட்டுக்கொடுப்பவர்களுக்கு இவ்வளவு தருகிறோம் என்று ஒலிபெருக்கியில் யாரும் கூவி நான் கேட்டதில்லை. பெட்டியைக் கவனிக்காமல் விடாதீர்கள் என்று மட்டும் கூவிக்கொண்டே இருப்பார்கள்.

இருபதாயிரம் நல்ல தொகைதானே என்று தோன்றலாம். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கூட்டங்கூட்டமாக ரத்தானபோது மற்ற நிறுவனங்களின் கட்டணம் எகிறியது. அரசு தலையிட்டு ஒரு வரம்பு வைத்தது: 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உள்நாட்டுப் பயணத்துக்கு 18,000 ரூபாய். அது, கொள்ளையடிக்காதீர்கள் என்று சொல்லி வைத்த வரம்பு. அதே தூரத்துக்கு உறுதி டிக்கெட் வைத்திருப்பவனை இறக்கிவிட்டு மறுநாள் ஏற்றினால் அவனுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 10,000. கடைசி நேரத்தில் அவன் இருக்கையை 18,000க்கு விற்று, அவனுக்குப் பத்தாயிரம் கொடுத்தாலும் நிறுவனத்துக்கு லாபம். குற்றத்தின் விலை குற்றத்தின் வரவைவிடக் குறைவாக இருந்தால் அதற்கு அபராதம் என்று பெயரில்லை, செலவு என்று பெயர்.

இன்னொன்றையும் பாருங்கள். 2023 பிப்ரவரியில் ஒரு திருத்தம் வந்தது. பிசினஸ் கிளாஸ் வாங்கியவரைச் சாதாரண வகுப்பில் உட்காரவைத்தால், உள்நாட்டுப் பயணத்தில் வரியோடு சேர்த்து டிக்கெட் விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டுப் பயணம் என்றால் தூரத்துக்குத் தக்க 30, 50, 75 சதவீதம். கணக்கு முழு டிக்கெட் விலையின்மேல். அவர் பயணம் தடைபடவில்லை. கால் நீட்ட இடம் குறைந்தது, அவ்வளவே. தரையிலேயே விடப்பட்டவனுக்கு மட்டும் அடிப்படைக் கட்டணம் என்று பிரித்து, அதற்கும் ஒரு வரம்பு. இந்த இரண்டு விதிகளையும் எழுதியது ஒரே அலுவலகம்.

திருவனந்தபுரம் ஷார்ஜா அளவு தூரத்துக்கு ஐரோப்பாவில் ஒருவரை இப்படி நிறுத்தினால், 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் விதிப்படி 400 யூரோ. டிக்கெட் முப்பது யூரோவுக்கு வாங்கியிருந்தாலும் அதே தொகைதான். பயணியின் நேரத்துக்கு விலை வைக்கிறார்கள், டிக்கெட்டுக்கு அல்ல.

விதியை மீறினால்? 2022 ஜூனில் இயக்குநரகம் ஏர் இந்தியாவுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. செல்லத்தக்க டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்தவர்களை ஏற்றாமல், இழப்பீடும் தராமல் விட்டதற்காக. செய்தி வாசித்தபோது எனக்கும் சந்தோஷம்தான். பிறகு கணக்குப் போட்டேன். தலைக்குப் பத்தாயிரம் என்றால் நூறு பேருக்குரிய பணம். அதுவும் அரசு கஜானாவுக்குப் போகிறது. லாட்ஜில் கொசுக்கடி வாங்கியவனுக்கு அல்ல.

இனி நீதிமன்றங்கள். 2017 ஜனவரியில் கொல்கத்தாவிலிருந்து அகர்தலா போக வேண்டிய ஒரு குடும்பம், போர்டிங் பாஸ் வாங்கிய பிறகு வாசலுக்கு நேரத்துக்குப் போகவில்லை, விமானம் போய்விட்டது. நுகர்வோர் ஆணையங்கள் குடும்பத்துக்கு இழப்பீடு தரச் சொன்னன. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. போர்டிங் பாஸ் வாங்கிவிட்டால் போதாது, குறித்த நேரத்துக்குள் வாசலில் நிற்பது பயணியின் கடமை என்றது. எனக்கு அந்தத் தீர்ப்போடு சண்டையில்லை. ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம். ஆனால் நான் ஐந்து நிமிடம் பிந்தினால் கடமை தவறியவன். நான் மூன்றரை மணி நேரம் முந்தி வந்தும் இருக்கை இல்லையென்றால் அது தொழில்நுட்ப ஏற்பாடா? சங்கு என் பக்கம் ஊதினால் சாவு, உன் பக்கம் ஊதினால் பூசையா?

தில்லி உயர் நீதிமன்றம் இன்னொரு வழக்கில் இதைச் சரியாகப் பிடித்தது. தில்லி-பாட்னா விமானத்தில் ஏற்ற மறுக்கப்பட்ட ஒருவர் 2015இல் நடந்ததற்காகப் போயிருந்தார். விதித்தொகுப்பில் இழப்பீடு சொல்லியிருப்பதால் ஓவர்புக்கிங்குக்கு அரசு அனுமதி கொடுத்ததாக ஆகாது. அதில் சொன்ன தொகைதான் உச்சம், அதற்குமேல் நஷ்டஈடு கேட்கக் கூடாது என்றும் ஆகாது, நுகர்வோர் மன்றத்தில் கேட்கலாம் என்பது அங்கே கிடைத்த தெளிவு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது: வாக்கை மீறியவன், அந்த மீறலால் இயல்பாக வந்த நஷ்டத்துக்குப் பொறுப்பு. லாட்ஜ் வாடகை, கார் வாடகை, போன சம்பளம் எல்லாம் அதில் வரும். பத்தாயிரத்தை நீட்டி “இவ்வளவுதான் ரூல்” என்று கவுண்டரில் சொல்பவரை நம்ப வேண்டாம்.

உறுதி என்ற சொல்லே மோசடியாகலாம் என்று அரை நூற்றாண்டுக்கு முன் ஒருவர் வழக்காடினார். அமெரிக்க நுகர்வோர் இயக்கத்தின் ரால்ஃப் நேடர். 1972 ஏப்ரலில் வாஷிங்டனிலிருந்து ஹார்ட்ஃபோர்டு போக உறுதி டிக்கெட்டோடு வந்தவரை அலிகேனி என்ற நிறுவனம் ஏற்றவில்லை. ஓவர்புக்கிங் செய்கிறோம் என்பதை மறைத்து உறுதி என்று விற்றது ஏமாற்று என்றார். அதை எல்லாம் விமானப் போக்குவரத்து வாரியம் பார்த்துக்கொள்ளும், நீதிமன்றத்துக்கு வேலையில்லை என்றது நிறுவனம். வேலை உண்டு, வழக்கு நடக்கலாம் என்று 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. கீழ் நீதிமன்றம் அவருக்கு முதலில் விதித்த 25,000 டாலர் தண்டத்தொகை கடைசியில் நிலைக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் 1978இல் அங்கே விதி மாறியது. முதலில் விருப்பமுள்ளவர்களைக் கேட்க வேண்டும் என்றானது; விமானங்கள் இருக்கைக்கு மேல் விற்கப்படலாம் என்ற அறிவிப்பைக் கவுண்டரில் வைக்க வேண்டும் என்றானது. விட்டுக்கொடுப்பவர்களை ஏலம்போல் விலை கூட்டிக் கேட்கலாம் என்று ஜூலியன் சைமன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1968லேயே எழுதியபோது விமான நிறுவனங்கள் சிரித்தன. அந்த ஏற்பாடு இருந்தும் 2017இல் சிக்காகோவில் தங்கள் ஊழியர்கள் நான்கு பேருக்கு இடம் வேண்டி, உட்கார்ந்திருந்த மருத்துவர் ஒருவரை மூக்கு உடைய இழுத்துப் போட்டார்கள். உலகமே அதைக் கைபேசியில் பார்த்தது. எங்கள் ஊர்ப் பையன்களை யாரும் இழுத்துப் போட வேண்டியதில்லை. மாறி நில் என்றால் மாறி நிற்பார்கள். அதனால் வீடியோவும் கிடையாது.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமல்ல. ஓவர்புக்கிங் செய்வதானால், எத்தனை இருக்கைக்கு எத்தனை டிக்கெட் விற்றாயிற்று என்பதைத் தமிழிலோ மலையாளத்திலோ இந்தியிலோ, வாங்குகிறவனுக்குப் புரியும் மொழியில் டிக்கெட்டிலேயே எழுதட்டும். கூடுதலாக விற்றதற்கு உறுதி என்று பெயர் வைக்கக் கூடாது. வராதவனிடம் கட்டணத்தைப் பிடித்துக்கொண்ட இருக்கையை மறுபடி விற்கவே கூடாது. ரூபாய் வரம்பை எடுத்துவிட்டு, அன்றைய கடைசி நேர விலையின் மடங்காக இழப்பீட்டை வைக்கட்டும். அப்போது பாருங்கள், 185 டிக்கெட் தானாக 180 ஆகும்.

அதுவரைக்கும் வளைகுடாவுக்குக் கிளம்பும் மருமக்களுக்கு மாமன் சொல்ல நாலு வார்த்தை. கவுண்டரில் நின்றதும் வரிசையையும் கடிகாரத்தையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள்தான் தாமதம் என்று எழுதிவிடுவார்கள். இடமில்லை என்றால் “ஏற்ற மறுக்கிறோம், காரணம் இன்னது” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்கள், அங்கேயே நின்றபடி அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வாசித்துப் புரியாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், கையெழுத்துக்கு மேலே “விருப்பமில்லாமல்” என்று தமிழில் எழுதிவிட்டுப் போடுங்கள். லாட்ஜ் ரசீது, கார் ரசீது எல்லாம் பத்திரம். அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் கொடுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் நாகர்கோயில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வந்துதான் பதில் சொல்ல வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

“மாமா, எனக்கு வேலைக்குப் போணும், கேஸு கீஸுன்னு அலைய முடியாது” என்றான் என் மருமகன். நீ அலையாண்டாம் மக்கா, ஒரு அதிகாரக் கடிதம் மட்டும் அனுப்பு, நான் போறேன் என்றேன். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, பொழுதும் நிறைய கிடக்கிறது. எதிர்த்தரப்பு இரண்டு முறை அவகாசம் கேட்டிருக்கிறது. அடுத்த வாய்தா கும்பப்பூ அறுப்புக்கு முன்னால்.